ஊசியும் ஒப்புதலும்

ஒருவருக்கு நன்மை செய்யுமுன் அவருடைய இசைவைக் கேட்டறிதல் வேண்டுமோ என்பது பழைய கேள்வி. ஆற்றில் மூழ்குகிறவனைக் கரைக்கு இழுப்பவன் அனுமதி கேட்டு நிற்பதில்லை. தீப்பற்றிய குடிசையில் உறங்குகிறவனைத் தட்டியெழுப்புவதற்கு எவரும் உத்தரவு பெறுவதில்லை. ஆயினும், மூழ்குவது இன்றன்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் என்றால் என் செய்வது? மூழ்கப்போகிறவள் இப்பொழுது பள்ளிக்கூடம் போகும் சிறுமி. பல சிறுமியருள் அவள் எவள் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. அப்பொழுது யாரைக் கேட்பது? யார் விடை சொல்வது? இக்கேள்வி ஓராண்டிற்கும் மேலாக என்னை உறுத்தி வருகின்றது. நேயர்கள் முன் அதனை வைக்கின்றேன்.

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் யான் குடியிருக்கும் சந்தில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மையார் இருக்கின்றார். அவர் மகளுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. அடுத்த வீட்டில் சிக்கிமிலிருந்து வந்த காவற்காரர் குடும்பம். அவர் மகளுக்குப் பதினேழு. இரு பெண்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். 2024ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் ஒருநாள், குழாயடிப் பேச்சில், மூத்தவள் தன் ஊர்ப் பள்ளியில் சிறுவயதில் தனக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வாராதிருக்க ஊசி போட்டார்கள் என்று சொல்லியிருக்கின்றாள். அன்று மாலையே அம்மையார் என் வாயிலில் வந்து நின்றார். “ஐயா, அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு உண்டு, இந்த ஊரில் பிறந்த என் பிள்ளைக்கு ஏன் இல்லை?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் நோய் இன்னதென்று தெரியும்.

பஞ்சாலையில் யான் பதிலி ஆளாய்ச் சேர்ந்த காலத்தில், நூல் சுற்றும் பகுதியில் ஓர் அக்காள் வேலை செய்தார். எங்களைப் போன்ற இளைஞர்களுக்குச் சோற்றுப் பாத்திரத்தில் பாதியை எடுத்து வைப்பவர். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழிந்தபின் அவருக்கு மறுபடியும் உதிரம் காணத் தொடங்கியது. உடற்சூடு என்றார், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், மோர் குடித்தார். ஆலை மருந்தகத்தில் சத்து மருந்து கொடுத்தனுப்பினார்கள். இடம் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் உடன்பட்டிருப்பாரோ என்பது ஐயமே. வெட்கம் ஒரு பெரிய பூட்டு. இடுப்பு வலி தாங்காமல் தறியோரத்தில் சாய்ந்து விழுந்த பின்னரே பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றோம். முற்றிவிட்டது என்றார்கள். எட்டு மாதம் இருந்தார். அவர் ஒழுக்கத்தில் குறை கண்டு ஓரிருவர் பேசிய பேச்சையும் யான் கேட்டிருக்கின்றேன். அவ்வம்மையார் தம் கணவனையன்றி ஒருவரையும் அறியாதவர்.

இந்நோயின் காரணம் நெடுங்காலம் தெரியாதிருந்தது. ஜெர்மனி தேசத்து ஹரால்ட் ட்ஸுர் ஹவுஸன் என்னும் ஆராய்ச்சியாளர், பாபிலோமா என்னும் வைரஸ் குடும்பத்தின் சில வகைகளே இதற்கு வேர் என்று கூறினார். அப்பொழுது அறிஞர் பலர் ஒப்பவில்லை. 1983, 1984 ஆண்டுகளில் புற்றுத் திசுவினின்றே 16ஆம் வகையையும் 18ஆம் வகையையும் அவருடைய கூட்டத்தார் பிரித்துக் காட்டினர். அவ்விரு வகைகளே உலகில் இந்நோயில் நூற்றுக்கு எழுபது பங்கிற்குக் காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி உடலுறவின் வழியே பரவுவது. மிகப் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றி, ஓரிரண்டு ஆண்டுகளில் தானே நீங்கிவிடுவது. சிலரிடத்தில் மாத்திரம் நீங்காது தங்கி, பதினைந்து இருபது ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றது. யாரிடத்தில் தங்கும் என்பதற்குப் புண்ணியக் கணக்கு ஒன்றுமில்லை. கற்புடைய மனைவிக்குக் கணவன் வழியே வரும். கணவனுக்கோ தான் சுமந்து வந்தது தெரியவே தெரியாது. ஆதலின் இந்நோயைக் கொண்டு ஒரு பெண்ணின் சீலத்தை அளப்பவன் அறியாமையால் பேசுகின்றான். அந்த அக்காளைப் பற்றி அன்று பேசினவர்களை யான் மறுத்துரைக்காமல் இருந்ததும் என் அறியாமையே.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் தேசத்தில் ஓராண்டில் புதிதாய் இந்நோய் கண்டவர் 1,27,000 பேருக்கு மேல். மாண்டவர் ஏறத்தாழ 80,000. நோயின் அளவும் எங்கும் ஒன்றன்று. அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பாரே மாவட்டத்தில், 2012 முதல் 2016 வரை எடுத்த பதிவின்படி, ஆண்டிற்கு லட்சம் பெண்களுக்கு 27.7 பேர், நம் நாட்டுப் பதிவேடுகளுள் அதுவே மிகுதி. சென்னையிலும் பெங்களூரிலும் 1982 முதல் பதிவேடு வைத்திருக்கின்றார்கள். இரு நகரங்களிலும் இந்நோய் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தே வந்திருக்கின்றது. குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

ஊசி 2006ஆம் ஆண்டு முதல் உலகில் உண்டு. கிருமி தொற்றுமுன் போட்டால்தான் முழுப் பயன் தரும். ஆகவே ஒன்பது வயது முதல் பதினான்கு வயது வரையே உகந்த காலம். தாய்மார் பலர் இங்கேதான் தயங்குகின்றனர். “சமைந்ததும் சமையாததுமான பிள்ளைக்கு இந்தப் பேச்சு எதற்கு?” என்கின்றனர். குடை வாங்குவது மழையில் நனைந்த பிறகன்று என்பதைத் தவிர இதற்கு யான் வேறு விடை சொல்வதில்லை. ஊசி செய்யும் காரியத்தில் எனக்கு ஐயமும் இல்லை. ஸ்காத்லாந்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுள், ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்று ஒருவருக்குக்கூடக் காணப்படவில்லை என்று 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. ஒருவருக்குக்கூட இல்லை! எங்கள் அக்காளை நினைத்துக்கொண்டு அவ்வரியை மூன்றுமுறை வாசித்தேன்.

அப்படியாயின், ஊருக்கு ஊர் இவ்வளவு ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது? பணமே காரணம் என்று முதலில் நினைத்தேன். பணமும் ஒரு காரணந்தான். பூனாவில் செய்யப்பட்ட நம் நாட்டு ஊசி கடைக்கு வந்தபோது ஒருமுறைக்கு 2000 ரூபாய் விலை சொன்னார்கள். தையற்கூலியில் வாடகை போக அவ்வளவு மிச்சம் பிடிப்பது எளிதன்று. ஆனால் பணக்கார தேசம் முந்தியது, ஏழைத் தேசம் பிந்தியது என்று கணக்குப் போட்டால் அது பொய்த்துப் போகின்றது.

பூட்டான் என்னும் மலைநாடு 2010ஆம் ஆண்டிலேயே நாடு முழுதும் இவ்வூசியைத் தொடங்கியது. வருவாய் குறைந்த நாடுகளுள் அதுவே முதல். ஆப்பிரிக்காவில் ருவாண்டா, உள்நாட்டுப் படுகொலையில் மூழ்கியெழுந்த அச்சிறு தேசம், 2011இல் தொடங்கி, முதலாண்டிலேயே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட சிறுமியர்க்கு அளித்தது. இலங்கை 2017இல் பள்ளிகளில் தொடங்கியது. செல்வச் செழிப்புள்ள ஜப்பானோ 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் திட்டத்தைத் தொடங்கி, சில பெண்களுக்கு வலியும் நடுக்கமும் கண்டதாகச் செய்தி பரவவே, இரண்டே மாதத்தில் தன் பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. நூற்றுக்கு எழுபதாயிருந்த அளவு ஒன்றுக்கும் கீழே போயிற்று. ஊசிக்கும் அத்துன்பங்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிய பின்பும், மறுபடி தொடங்க 2022ஆம் ஆண்டாயிற்று. பூட்டானும் பௌத்தர் நாடு, ஜப்பானிலும் பௌத்தர் மிகுதி. ஆதலின் நம் மதத்தின் பேரால் பெருமை பேசவும் இங்கே இடமில்லை.

பூட்டானின் கதையில் நாம் நின்று நோக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. முதலாண்டு ஊசியைப் பள்ளிக்கூடத்திற்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். ஏறக்குறைய எல்லாச் சிறுமியரும் பெற்றனர். அடுத்த மூன்றாண்டுகள், சுகாதார நிலையத்திற்கு வந்து போட்டுக்கொள்ளட்டும் என்று மாற்றினார்கள். நூற்றுக்கு எழுபதளவாய்க் குறைந்தது. 2014இல் மறுபடி பள்ளிக்குக் கொண்டுபோனார்கள்; மறுபடி தொண்ணூறாயிற்று. மருந்து அதுவே; அரசன் அவனே; சிறுமியரும் அவர்களே. யார் யாரை நோக்கி நடந்தார் என்பது ஒன்றுதான் மாறியது. மலைவழியில் ஒருநாள் கூலியை இழந்து மகளை அழைத்துச் செல்ல வேண்டிய தாயின் சிரமம் அந்த முப்பது பேரின் கணக்கில் அடங்கியிருக்கின்றது. சிக்கிமும் அவ்வாறே. 2018ஆம் ஆண்டு, ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரையுள்ள சிறுமியர்க்குப் பள்ளியிலேயே அளித்தார்கள். அதற்குமுன் ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் ஏற்றனர். பஞ்சாபில் 2016இல் பட்டிண்டா, மான்சா என்னும் இரு மாவட்டங்களில் நடந்ததும் இதைப் போன்றதே.

எல்லாரும் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் காரியம் முடிந்ததோ? இங்கேதான் கம்மம் வருகின்றது.

2009ஆம் ஆண்டு, அப்பொழுது ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த கம்மம் மாவட்டத்தில் பத்ராசலம் முதலிய மூன்று வட்டாரங்களிலும், குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து, பத்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள இருபதினாயிரத்திற்கும் மேற்பட்ட சிறுமியர்க்கு இவ்வூசியைப் போட்டுப் பார்த்தது. கம்மத்துச் சிறுமியருள் பலர் பழங்குடி மக்கள்; ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் காட்டுக்குள் வெகுதூரத்தில் இருந்தனர். பின்னர் அச்சிறுமியருள் ஏழுபேர் இறந்தார்கள் என்ற செய்தி வெளிவந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் எல்லாம் நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு ஒவ்வொரு சாவையும் ஆராய்ந்தது. ஒரு பெண் நீரில் மூழ்கினாள். ஒருத்தியைப் பாம்பு தீண்டியது. சிலர் பூச்சிமருந்தால் மாண்டனர். மலேரியாவும் ஒரு காரணமாயிருந்தது. இச்சாவுகளுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்று குழு முடிவு கூறியது. அம்முடிவை ஐயுற எனக்குக் காரணமில்லை.

ஆனால் 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கையில் வேறொரு கணக்கு இருக்கின்றது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட ஒப்புதற் படிவங்கள் 9,543. அவற்றுள் 1,948இல் கைநாட்டு. 2,763இல் கையெழுத்திட்டவர் தாயுமல்லர், தந்தையுமல்லர், விடுதிக் காப்பாளர்.

இக்கணக்கைப் பற்றி இருவகையார் இருவகையாகப் பேசுகின்றனர். ஊசி நல்லது, சாவுக்கு அது காரணமன்று, பின் யார் கையெழுத்திட்டால் என்ன என்பர் ஒருசாரார். கையெழுத்துப் பொய், ஆகவே ஊசியும் விஷம் என்பர் மற்றொரு சாரார். இருவரும் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாய்ப் பிசைந்துவிட்டனர். மருந்தின் குணம் வேறு. கொடுத்த கையின் குணம் வேறு. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் நடந்தது இதற்குச் சான்று. ஹாஃப்கின் என்பவர் 1897இல் பம்பாயில் கண்டுபிடித்த பிளேக் ஊசியை அங்கே போட்டபோது பத்தொன்பது பேர் வில்வாதங்கண்டு மாண்டனர். ஊசி மருந்து குற்றமற்றது; புட்டியைத் திறந்த இடுக்கி மண்ணில் விழுந்ததே குற்றம் என்று தெளிய ஐந்தாண்டாயிற்று. 1907இல் ஹாஃப்கினின் மீதிருந்த பழி நீங்கியது. ஊசியின் மேல் விழுந்த பழி அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. 1898இல் இப்பெங்களூருக்கும் பிளேக் வந்தது. மல்லேசுவரம், பசவனகுடி என்னும் புதுப்பேட்டைகள் எழுந்தன. தண்டில் பிரேசர் டவுன் எழுந்தது. ஏழைகள் வாழ்ந்த தெருக்களிலோ பிளேக் அம்மனுக்குக் கோயில் எழுந்தது. படிப்பில்லாதவர் மூடத்தனம் என்று அதை எள்ளி நகைப்பவர் உளர். தம்மிடம் வந்து பேசாத அதிகாரியைவிடத் தம் தெருவில் நின்ற தெய்வத்தை அவர்கள் நம்பியதில் வியப்பென்ன? யான் அக்கோயிலை வணங்குபவனல்லேன். எனினும் நகைக்கவும் மாட்டேன்.

கம்மத்தின் விளைவு கம்மத்தோடு நிற்கவில்லை. அன்று முறிந்த நம்பிக்கையால் தேசம் பல ஆண்டு பின்தங்கியது. 2022இல் அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரை செய்தது. 2024 பிப்ரவரியில் மத்திய நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுமியரை இவ்வூசிக்கு ஊக்குவிப்போம் என்றார். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு இதற்கென 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2010இல் பதினான்கு வயதாயிருந்த பெண் 2024இல் இருபத்தெட்டு வயதுத் தாய். அவ்விடைவெளியில் வளர்ந்தவர்களுள் எத்தனைபேர் எங்கள் அக்காளின் வழியில் செல்வார்கள் என்பதை எந்தப் பாராளுமன்றக் குழுவும் எண்ணப்போவதில்லை. இன்று தெரியாத சாவுக்கு அறிக்கை இல்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அதே காலத்தில், இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று அறியும் வேறோர் ஆராய்ச்சி நம் நாட்டில் ஒன்பது இடங்களில் நடந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கை அவற்றுள் ஒன்று. 2010இல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னபோது, அதில் சேர்ந்த சிறுமியருள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் ஒரே ஊசியோடு நின்றுபோயினர். பாதியில் விடப்பட்ட அவர்களைக் கைவிடாமல் ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. ஒரே ஊசி பெற்றவர்களுக்கும் நீடித்த தொற்றினின்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு காப்பு இருந்தது. இதையும் இதைப்போன்ற பிற சான்றுகளையும் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஓர் ஊசியும் போதும் என்று ஏற்றது. ஏழை நாடுகளின் செலவு பாதியாய்க் குறைந்தது. தவறு ஒன்றிலிருந்து நன்மை பிறந்தது என்பதால் தவறு தவறில்லாது போகுமோ? சேற்றில் தாமரை பூக்கும் என்று நாம் மேடையில் சொல்லும் உவமையை இங்கே யான் சொல்லத் துணியேன். கம்மத்துத் தாய் ஒருத்தியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இப்பொழுது என் கதையைச் சொல்ல வேண்டும். இக்கட்டுரை எழுதியதே அதற்காகத்தான்.

தையல் வேலை அம்மையாரின் கேள்விக்குப்பின் யான் சும்மா இருக்கவில்லை. அப்பொழுது அரசினர் திட்டம் எங்கள் தெருவிற்கு வந்திருக்கவில்லை. இலவச முகாம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தாரைப் பலமுறை நடந்து சென்று கண்டேன். 2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பகுதியில் முகாம் போட இசைந்தனர். நாற்பத்தொரு சிறுமியர் வந்தனர். ஒப்புதற் படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எங்கள் தாய்மார் கன்னடம் நன்றாய்ப் பேசுவர், வாசிப்பவர் சிலரே. மருத்துவர் பன்னிரண்டு மணிக்குள் வேறிடம் போகவேண்டும் என்றனர். யான் நாற்காலியின்மேல் ஏறி நின்று, “படிவத்தில் பயப்பட ஒன்றுமில்லை, யான் சொல்லுகிறேன், கையெழுத்திடுங்கள்” என்றேன். இட்டார்கள். எழுதத் தெரியாத தாய்மாரின் பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் பதித்தவனும் யானே. ஒருவரும் மறுக்கவில்லை. அன்று மிக மகிழ்ந்தேன்.

ஊசி போட்டுக்கொண்டு எழுந்த ஒரு சிறுமி நான்கு அடி நடந்து மயங்கி விழுந்தாள். இவ்வயதினர்க்கு எந்த ஊசி போட்டாலும் இப்படி நேர்வதுண்டு. கால் மணி உட்கார வைத்திருந்தால் போதும். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாள். ஆனால் தாய் அலறிய அலறலில் மூன்று பேர் தம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினர். கூட்டம் கலைந்தபின் அத்தாய் என்னிடம் வந்தார். கோபமில்லை. “ஐயா, மயக்கம் வரும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததா?” என்று மாத்திரம் கேட்டார். யான் வாசிக்கவில்லை. அன்றிரவு விளக்கடியில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். எழுதியிருந்தது. மயக்கம் வரலாம், கால் மணி உட்காரவைக்க வேண்டும், கை வீங்கலாம், காய்ச்சல் காணலாம் என்று எழுதியிருந்தது. இவ்வூசி போட்டாலும் முப்பது வயதிற்குமேல் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும், ஏனெனில் எல்லா வகைக் கிருமியையும் ஊசி தடுப்பதில்லை என்றும் எழுதியிருந்தது. அதனை அத்தாய்மார் தமக்கே அறிந்துகொண்டிருக்க வேண்டும்; அவர்களுக்கு இனி ஊசியால் பெரும்பயனில்லை, பரிசோதனையே காவல். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், புளிக்காடி போன்ற அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்த எளிய சோதனையே, இந்நோய்ச் சாவை நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு குறைத்தது என்று 2007இல் நிறுவியிருக்கின்றனர். நாற்பத்தொரு தாய்மார் என் முன்னே நின்றிருந்த அந்த ஒரு காலையில் இதில் ஒரு சொல்லையும் யான் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்துத்தான் கம்மத்துக் கணக்கு என் கண்ணில் பட்டது. 2,763 என்ற எண்ணைக் கண்டதும் எனக்குச் சினம் மூண்டது. பழங்குடிப் பெண்பிள்ளைகளின் உடம்பிற்கு விடுதிக் காப்பாளன் உரிமையாளனோ என்று உரக்கவே கேட்டேன். கேட்டு முடிக்குமுன் என் பெருவிரலில் இருந்த மைக்கறை நினைவிற்கு வந்தது. அக்காப்பாளரும் நல்லவராயிருந்திருக்கலாம், பிள்ளைகளுக்கு நன்மை என்றே நினைத்திருக்கலாம், மேலதிகாரி பன்னிரண்டு மணிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கலாம். சேதனையே வினை என்பது நம் கொள்கை. என் எண்ணம் தூயதே என்று அதைக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எண்ணம் நல்லதாயிருந்தால், அறியவேண்டியதை அறியாமல் விட்டது எந்த எண்ணத்தால்? சோம்பலால், மேலும், என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்ற உள்மகிழ்ச்சியால். கேள்வியுற்றதனாலேயோ குரு சொன்னதனாலேயோ ஒன்றை ஏற்காதீர் என்று காலாமர்க்குப் பகவான் உரைத்ததை இருபதாண்டாய் மேடைதோறும் எடுத்துச் சொல்லி வந்தவன் யான். அன்று நாற்காலிமேல் ஏறி, யான் சொல்லுகிறேன் நம்புங்கள் என்றேன்.

ஆறு மாதங் கழித்து இரண்டாம் ஊசி. அதற்கு முந்திய மாதம் முழுதும், படிவத்தை ஒரு பள்ளி ஆசிரியையைக் கொண்டு தமிழாக்கி, மாலைதோறும் வீடுவீடாய்ச் சென்று வாசித்தேன். புதிதாய் ஊசி போடவேண்டிய சில சிறுமியரின் வீடுகளுக்கும் சென்றேன். சிறுமியரையும் அருகே உட்காரச் சொன்னேன். ஒரு பெண், “வலிக்குமா?” என்று கேட்டாள்; ஒருத்தி, “அண்ணனுக்கு ஏன் போடுவதில்லை?” என்று கேட்டாள். நல்ல கேள்வி! ஆஸ்திரேலியாவில் 2013 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் போடுகின்றார்கள் என்று சொன்னேன். எதையும் மறைப்பதில்லை என்று உறுதி கொண்டிருந்தபடியால் கம்மத்தைப் பற்றியும் சொன்னேன். ஏழு சாவுகளையும் விசாரணையையும் கையெழுத்துகளையும் சொன்னேன்.

ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பனார் முழுவதையும் பொறுமையாய்க் கேட்டார். அவர் மகள் முதல் முகாமிற்கு வராதவள். கேட்டு முடிந்ததும், “வேண்டாம் ஐயா” என்றார். மகளின் முகம் வாடியது. அவள் தோழிகள் எல்லாரும் போட்டுக்கொண்டவர்கள். கம்மத்தை யான் சொல்லாதிருந்தால் அவர் கையெழுத்திட்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. நாற்காலிமேல் ஏறிக் கூவியிருந்தால் இட்டேயிருப்பார். உண்மையைச் சொன்னதனால் ஒரு குழந்தை காவலின்றி நிற்கின்றாள். என் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு, இவ்வளவு சொல்ல உன்னை யார் கேட்டார் என்று கடிந்துகொண்டனர். அவர்களுக்குத் தக்க விடை என்னிடம் இல்லை. மறுக்க இடமில்லாத இசைவு இசைவாகாது என்பதை அறிவேன். அம்மறுப்பின் விலையைக் கொடுக்கப்போகிறவர் மறுத்தவரல்லர், அவர் மகள் என்பதையும் அறிவேன். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துத் தூக்கும் தராசை யான் கண்டதில்லை.

அவரை விட்டுவிடவில்லை. வாரம் ஒருமுறை ஆட்டோ நிற்குமிடத்திற்குச் சென்று அவரோடு தேநீர் அருந்துகின்றேன். ஊசிப் பேச்சை யான் எடுப்பதில்லை. ஆறேழு வாரங் கழித்து அவரே எடுத்தார். “ஐயா, பாம்பு கடித்துச் செத்தது, தண்ணீரில் விழுந்து செத்தது என்று குழு எழுதி வைத்தது சரி. அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் யாராவது வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அதைச் சொன்னார்களா?” என்று கேட்டார்.

அறிக்கையில் யான் வாசித்த பக்கங்களில் அது இல்லை என்றேன்.

“அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிக் கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் மகளுக்கு வரும் ஆவணியில் பதினான்கு நிறைகின்றது.